மோசடித் தளங்களின் நோட்டிஃபிகேஷன் தொல்லை: எந்த வழியில் நிறுத்துவது?

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. ஒருநாள் மாலை லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி, இதுல அஞ்சு வைரஸ் இருக்காம். நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லுது. பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் போயிருமாம். மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல" என்றார். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பு முக்கோணத்தோடு ஒரு பெட்டி எழுந்தது. அதை மூடுவதற்குள் அடுத்தது வந்தது.

வைரஸ் பயத்தைவிட, கேட்டவர்கள் சொன்ன யோசனைகள்தான் அவரை அதிகம் குழப்பியிருந்தன. ஆன்டிவைரஸ் வாங்கச் சொன்னார் மகன். குரோமை எடுத்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸ் போடச் சொன்னார் மருமகள். பேரன் ஆட் பிளாக்கர் போதும் என்றான். பழுதுபார்க்கும் கடை ஒன்றில் விண்டோஸையே ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொல்லி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறார்கள். "நாலு பேரும் நாலு சொல்றாங்க. எதைச் செய்யட்டும்?"

இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறையப் பேர். வழிகள் பல இருப்பது உண்மை. ஆனால் அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

## முதலில், வந்திருப்பது என்ன?

அந்தப் பெட்டியை நிதானமாகப் பாருங்கள். பெரிய எழுத்துகளுக்கு மேலேயோ கீழேயோ சிறியதாகப் பிரவுசரின் பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். இருந்தால் அது உங்கள் கணினி கொடுக்கும் எச்சரிக்கை இல்லை. ஏதோ ஒரு தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் அறிவிப்பு. வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தளத்துக்குத் தெரியவே தெரியாது.

குரோமில் இந்த வசதி 2015-இல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2016-இல். பக்கத்தை மூடிவிட்டாலும் முக்கியமான தகவல் நம்மை வந்து சேரட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று ஒரு தளம் கேட்கும்போது நாம் ஒருமுறை 'அலோ' (அனுமதி) அழுத்தினால் அந்தத் தளத்தின் சிறு நிரல் ஒன்று பிரவுசருக்குள் தங்கிவிடுகிறது. தளம் அனுப்பும் செய்தி நேராக நம் கணினிக்கு வருவதில்லை. குரோம் என்றால் கூகுளின் சர்வர், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மொசில்லாவின் சர்வர் வழியாக வந்து அந்த நிரலை எழுப்பிவிடுகிறது. இந்த ஒரு விவரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில தீர்வுகள் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றன என்பது இதிலிருந்துதான் புரியும்.

மோசடி செய்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒற்றை 'அலோ'தான். பழைய பாடலைத் தேடிப் போகிறோம், விட்டுப்போன சீரியலைப் பார்க்கப் போகிறோம், தேர்வு முடிவையோ விண்ணப்பப் படிவத்தையோ தேடுகிறோம். எதையோ தொட்டதும் வேறொரு பக்கம் திறக்கிறது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்' என்கிறது. இல்லாவிட்டால், வீடியோ ஓட வேண்டுமானால் அழுத்து, பதினெட்டு வயது நிரம்பியவர் என்றால் அழுத்து. உண்மையான ரோபோ சோதனை எதற்கும் நோட்டிஃபிகேஷன் அனுமதி தேவையில்லை. டீச்சர், "நான் எதையும் டவுன்லோட் பண்ணலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். எதையும் இறக்க வேண்டியதே இல்லை. ஒரு பொத்தான் போதும்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஐஃபோனில் சாதாரணத் தளங்களால் இப்படி அறிவிப்பு அனுப்ப முடியாது. 2023-இல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல், நாமே முகப்புத் திரையில் சேர்த்த இணையச் செயலிகளுக்கு மட்டும் அந்த வசதி உண்டு. அதனால் ஐஃபோனில் 'வைரஸ்' என்று நினைவூட்டல் வந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் கேலண்டரில் தெரியாமல் சேர்ந்துவிட்ட சந்தாவாக இருக்கும். கேலண்டர் செயலியில் அந்தச் சந்தாவை நீக்கினால் நின்றுவிடும். இன்னொன்று, ஆண்ட்ராய்டு ஃபோனில் பிரவுசர் பெயரே இல்லாமல் திரை முழுக்க விளம்பரம் எழுந்தால், சமீபத்தில் போட்ட ஏதோ ஒரு செயலியின் வேலை அது. அந்தச் செயலியைத்தான் எடுக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் வழிகள் இந்த இரண்டுக்கும் பொருந்தாது.

## எதை வைத்து எடைபோடுவது?

ஒவ்வொரு வழியிடமும் ஐந்து கேள்விகள் கேட்கிறேன்.

- ஏற்கெனவே கொடுத்துவிட்ட அனுமதியைத் திரும்பப் பெறுகிறதா?
- நாளைக்கு இன்னொரு தளம் வந்து கேட்பதைத் தடுக்கிறதா?
- நமக்கு வேண்டிய அறிவிப்புகள், அதாவது மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், அலுவலகச் சந்திப்பு நினைவூட்டல் போன்றவை, தப்பிக்கின்றனவா?
- யார் பராமரிப்பது? ஒருமுறை செய்தால் போதுமா, அடிக்கடி பார்க்க வேண்டுமா?
- பணமோ அந்தரங்கமோ கண்ணுக்குத் தெரியாமல் போகிறதா?

இவற்றில் முதல் இரண்டும்தான் தலையாயவை. உள்ளே வந்துவிட்டவனை வெளியேற்றுவது ஒரு வேலை, கதவைச் சாத்துவது இன்னொரு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்பதால்தான் பலருக்கு இந்தத் தொல்லை திரும்ப வருகிறது.

## 1. பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக நீக்குவது

குரோமில் மேலே வலது ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகள், அதில் செட்டிங்ஸ், பிறகு 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அந்தப் பக்கத்தில் கீழே இறங்கினால் அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதே பட்டியல் செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிகள் பகுதியில் இருக்கிறது. மேக் கணினியின் சஃபாரியில் செட்டிங்ஸைத் திறந்து 'வெப்சைட்ஸ்' என்ற பகுதியில் பார்க்க வேண்டும்.

டீச்சரின் பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஒன்று ஜிமெயில், ஒன்று அவர் தினமும் படிக்கும் நாளிதழ். மீதி ஒன்பதும் எழுத்தும் எண்ணும் கலந்த, வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று புள்ளிகள் உண்டு. அதில் 'ரிமூவ்' என்றால் அனுமதியை அழித்துவிடும், ஆனால் அந்தத் தளம் மறுபடி கேட்கலாம். 'பிளாக்' என்றால் அது மறுபடி கேட்கவும் முடியாது. இரண்டில் எதை அழுத்தினாலும் தொல்லை அந்த நொடியே நின்றுவிடும். ஒன்பதையும் நீக்கிவிட்டு ஐந்து நிமிடம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதுவும் வரவில்லை. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, இதை எல்லாருக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆண்ட்ராய்டு ஃபோனில் இன்னும் சுலபம். ஆண்ட்ராய்டு 8 முதல் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி வகையாகப் பிரித்து வைக்கிறது. அந்த அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்தத் தளத்தை மட்டும் அணைக்கலாம். இப்போது பல ஃபோன்களில் அறிவிப்பின் கீழேயே 'அன்சப்ஸ்கிரைப்' என்ற பொத்தானும் வருகிறது. சாம்சங் ஃபோன் வைத்திருப்பவர்கள், அறிவிப்பில் இருக்கும் பெயர் குரோமா 'சாம்சங் இன்டர்நெட்'டா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் பட்டியல் வேறு வேறு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறிவிப்பின் கீழே 'கேன்சல்', 'இக்னோர்' என்று வரும் பொத்தான்களின் பெயரைத் தளமே தன் விருப்பப்படி எழுதிக்கொள்ள முடியும். 'கேன்சல்' என்று பெயர் வைத்துவிட்டு மோசடிப் பக்கத்தைத் திறக்கலாம். அதனால் அவற்றைத் தொடாமல் செட்டிங்ஸ் வழியாகப் போவதே நல்லது.

இந்த வழிக்குப் பணச் செலவு இல்லை. மறைந்திருக்கும் செலவு கவனம்தான். வீட்டில் ஒரே கணினியில் அம்மாவுக்கு ஒரு குரோம் புரொஃபைல், பிள்ளைக்கு ஒன்று என்று இருந்தால் பட்டியலும் தனித்தனி. ஒன்றைச் சுத்தம் செய்தால் மற்றது அப்படியே இருக்கும். இரண்டாவது குறை, இது அடுத்த தளத்தைத் தடுக்காது. ஒவ்வொரு பெயராக 'பிளாக்' செய்து தப்பிக்கவும் முடியாது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தையோ எண்ணையோ சேர்த்துவிட்டால் பிரவுசருக்கு அது புதுத் தளம். மறுத்தவரை அப்படிப் புதுப் பெயருக்குத் தள்ளி மறுபடி கேட்பதே அவர்களின் வழக்கமான தந்திரம்.

யாருக்கு ஏற்றது: எல்லாருக்கும், முதல் படியாக. இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதற்கும் போகாதீர்கள்.

## 2. கேட்கவே விடாமல் சாத்துவது

அதே 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பக்கத்தின் மேல்பகுதியில், எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக் கூடாது என்று ஒரே அடியாக நிறுத்தும் தேர்வு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் புதிய வேண்டுகோள்களைத் தடுக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். சஃபாரியில் தளங்கள் அனுமதி கேட்கலாம் என்ற கட்டத்திலுள்ள டிக்கை எடுக்க வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். குரோமில் இதைச் சாத்தினால் *இனிமேல்* வருகிறவர்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே அனுமதிப் பட்டியலில் இருக்கிற தளங்கள் விதிவிலக்காகத் தொடரும். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், இன்னும் வருது, அப்போ வைரஸ்தானே?" என்று கேட்பவர்களுக்கு நடந்திருப்பது இதுதான். முதல் வழியையும் இதையும் சேர்த்துச் செய்தால்தான் வேலை முடியும்.

இதனால் என்ன இழப்போம் என்று கேட்டால், அநேகமாக ஒன்றுமில்லை. மொசில்லா 2019-இல் தன் ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களிடம் பார்த்தபோது, இந்த அனுமதிக் கேள்விகளில் சுமார் 99 சதவீதம் ஏற்கப்படாமலே போயின, 48 சதவீதத்தை மக்கள் வெளிப்படையாகவே மறுத்திருந்தார்கள். அதன் பிறகு 2020 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 72, பக்கம் திறந்ததும் தானாகக் கேள்வி குதிப்பதை நிறுத்திவிட்டது. யாரும் விரும்பாத கேள்வியைச் சாத்துவதில் தயங்க ஏதுமில்லை.

மறைவான செலவு ஒன்றே ஒன்று. பின்னாளில் ஒரு நல்ல தளத்தின் அறிவிப்பு தேவைப்பட்டால் அது கேட்காது. ஏன் வரவில்லை என்று குழம்புவோம். அப்போது அந்தத் தளத்தை நாமே அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: அறிவிப்பு வேண்டிய தளங்கள் இவைதான் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடிகிற எல்லாருக்கும். வீட்டுப் பெரியவர்களின் கணினிக்கும் ஃபோனுக்கும் இதுவே என் முதல் தேர்வு.

## 3. பிரவுசரின் காவலை நம்பி இருப்பது

பிரவுசர் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2020-இல் குரோம், கேள்வி குதிக்காமல் முகவரிப் பட்டையில் ஒரு மணிச் சின்னத்தோடு அடங்கிவிடும் அமைதியான முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், ஏமாற்றி அனுமதி வாங்கும் தளங்களுக்கு அந்த முறையைத் தானாகவே பொருத்தவும் தொடங்கியது. 2025-இல், நாம் சமீபத்தில் எட்டிப் பார்க்காமல் அறிவிப்பை மட்டும் குவிக்கும் தளங்களின் அனுமதியைத் தானே திரும்பப் பெறப்போவதாகக் கூகுள் அறிவித்தது. வரும் அறிவிப்புகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றைத்தான் மக்கள் தொடுகிறார்கள் என்பது அப்போது அவர்கள் சொன்ன கணக்கு.

நல்ல ஏற்பாடு. ஆனால் இதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்து பயந்து ஒவ்வொரு பெட்டியையும் தொடுகிறவர்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவர். அவர் தொடத் தொட, அந்தத் தளத்தில் அவருக்கு ஆர்வம் இருப்பதாகவே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். கவலையில்லாமல் தள்ளிவிடுகிறவரைக் காக்கும் காவல், கலங்கிப்போனவரைக் காக்காமல் விட்டுவிடக்கூடும். தவிர, பிரவுசரைப் புதுப்பிக்காத பழைய கணினிகளில் இவை எதுவும் இருக்காது.

யாருக்கு ஏற்றது: பிரவுசரை ஒழுங்காகப் புதுப்பித்து வருகிறவர்கள், புதுத் தளங்களின் அறிவிப்பை அடிக்கடி சேர்க்க வேண்டிய வேலையில் இருப்பவர்கள்.

## 4. விண்டோஸிலோ ஃபோனிலோ பிரவுசரையே ஊமையாக்குவது

விண்டோஸ் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அங்கே செயலிகளின் வரிசையில் கூகுள் குரோமை அணைத்துவிட்டால் அதிலிருந்து ஒரு பெட்டிகூட எழாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குப் போய், செயலிகள் பகுதியில் குரோமைத் தொட்டு, அறிவிப்பை அணைக்கலாம்.

வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. தொலைபேசியில் பேசியபடியே ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அணைத்த அந்தக் கணமே அமைதி.

விலை கொஞ்சம் அதிகம். ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், சந்திப்பு நினைவூட்டல் என்று குரோம் வழியாக வரும் எல்லாமே ஊமையாகிவிடும். ஃபோனில் கோப்பு இறங்கி முடிந்ததைக் காட்டும் அறிவிப்பும் போய்விடும். 'டவுன்லோடே ஆகலை' என்று ஒரே படிவத்தை நான்கு முறை இறக்கிவைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் இன்னொரு விஷயம், அனுமதி உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. சத்தம் மட்டும்தான் அடங்கியிருக்கிறது. யாராவது பின்னால் அதைத் திரும்ப இயக்கினால் பழைய தளங்களும் சேர்ந்து எழுந்துவிடும்.

இதோடு ஒட்டிய சின்ன விஷயம்: குரோம் ஜன்னல்களை எல்லாம் மூடிய பிறகும் பெட்டிகள் வந்தால், குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில், மூடிய பின்னும் பின்னணியில் ஓடலாம் என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைப்பது நல்லது, ஆனால் அது மட்டும் தீர்வாகாது. குரோமைத் திறந்ததும் பழையபடி தொடங்கும்.

யாருக்கு ஏற்றது: உடனே நிறுத்தியாக வேண்டும், நேரில் போய்ப் பட்டியலைப் பார்க்க ஒரு வாரம் ஆகும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. பிரவுசர் அறிவிப்பு எதுவுமே தேவைப்படாதவர்கள் நிரந்தரமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

## 5. ஆட் பிளாக்கரும் டிஎன்எஸ் தடுப்பும்

பேரன் சொன்ன யோசனை. இதில் பாதி உண்மை இருக்கிறது. 'அலோ' அழுத்தச் சொல்லும் பக்கங்களுக்கு நம்மை இழுத்துப்போவது பெரும்பாலும் விளம்பரத் திருப்பிவிடல்கள்தான். யூபிளாக் ஆரிஜின் போன்ற இலவச எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) அந்தப் பாதையையே அடைத்துவிடும். ஆக, வருமுன் காப்பதில் இது சிறந்தது. குரோமில் இப்போது அதன் சுருங்கிய வடிவமான லைட் மட்டும்தான் கிடைக்கிறது, முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது, ஃபயர்ஃபாக்ஸில் போடலாம்.

ஆனால் கொடுத்துவிட்ட அனுமதியை ஆட் பிளாக்கர் தொடாது. நான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன விவரம் இங்கே உதவும். அறிவிப்பு வருவது மோசடித் தளத்திலிருந்து நேராக அல்ல, கூகுள் அல்லது மொசில்லா சர்வர் வழியாக. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை வைத்து அதன் சர்வர் எங்கே இருக்கிறது என்று தேடித்தரும் சேவை. ஃபோனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டு மோசடித் தளத்தின் பெயரை அடைத்தாலும் செய்தி வேறு வாசல் வழியாக வந்து சேரும். கூகுளின் அந்தச் சர்வரை அடைக்கலாமா என்றால், ஆண்ட்ராய்டில் மற்ற செயலிகளின் அறிவிப்புகளும் அந்த வழியில்தான் வருகின்றன. சில மோசடித் தளங்கள் செய்தி ஏதுமில்லாத வெறும் எழுப்பல் சமிக்ஞையை மட்டும் அனுப்பிவிட்டு உள்ளடக்கத்தைத் தம் சர்வரிலிருந்து பிறகு எடுக்கும். அவை மட்டும் டிஎன்எஸ் தடுப்பில் சிக்கும். அப்போதும் முழு அமைதி கிடைக்காது. அறிவிப்பு எதையும் காட்டாத தளத்துக்குப் பதிலாக, இந்தத் தளம் பின்னணியில் புதுப்பிக்கப்பட்டது என்று குரோமே ஒரு பெட்டியைக் காட்டும்.

மறைவான செலவு அந்தரங்கம். ஆட் பிளாக்கர் வேலை செய்ய, நாம் பார்க்கும் பக்கங்களைப் படிக்கும் உரிமையை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட போலிகளிடம் அந்த உரிமையைக் கொடுத்தால் வந்த நோயைவிட மருந்து மோசமாகிவிடும். சில வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஆட் பிளாக்கர் இருக்கும்போது சரியாகத் திறக்காமல் போவதும் உண்டு.

யாருக்கு ஏற்றது: பாட்டு, படம், விளையாட்டு நேரலை என்று விளம்பரம் மொய்க்கும் தளங்களுக்கு அடிக்கடி போகும் வீடுகள். முதல் இரண்டு வழிகளையும் செய்த பிறகு. எக்ஸ்டென்ஷன் போட விருப்பமில்லாதவர்கள் அந்த மாதிரித் தளங்களை குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலில் (ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி ஜன்னல்) திறக்கலாம். அங்கே தளங்களுக்கு அறிவிப்பு அனுமதி கிடைப்பதில்லை.

## 6. ஆன்டிவைரஸ் வாங்குவது

மகன் சொன்ன யோசனை. அக்கறையில் சொன்னது, ஆனால் இந்த இடத்தில் பொருந்தாதது. நாமே கொடுத்த அனுமதி வைரஸ் இல்லை என்பதால் ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் சுத்தம் என்றே வரும். பெட்டி மட்டும் தொடரும். பணம் கொடுத்தும் தீரவில்லையே என்று பயம் இரண்டு மடங்காகும்.

இதைவிட வருத்தமான உண்மை ஒன்று இருக்கிறது. அந்தப் போலி எச்சரிக்கைகளில் பல, பெயர்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் சின்னத்தைத் திருடிப் போட்டு, 'சந்தா முடிந்துவிட்டது' என்று மிரட்டி, அந்த நிறுவனத்தின் உண்மையான விற்பனைப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடுகின்றன. நாம் வாங்கினால் கூட்டிவந்தவருக்குக் கமிஷன். பயத்தில் ஆன்டிவைரஸ் வாங்குவது, பயமுறுத்தியவருக்கே கூலி கொடுப்பதாக முடியலாம்.

யாருக்கு ஏற்றது: பெட்டியைத் தொட்டு ஏதாவது கோப்பை இறக்கியவர்கள், 'சரிசெய்து தருகிறோம்' என்றவர் பேச்சைக் கேட்டு கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியைப் போட்டவர்கள் கட்டாயம் முழு ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கும் விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரிலிருந்தே தொடங்கலாம்.

## 7. பிரவுசரை மாற்றுவது, ரீசெட், ஃபார்மட்

ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினால் பெட்டிகள் நின்றது போலத் தோன்றும், குரோமைத் திறக்காத வரை. குரோமை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டாலும், அன்இன்ஸ்டால் செய்யும்போது பிரவுசிங் தகவலையும் அழிக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யாவிட்டால் பழைய அனுமதிகள் அப்படியே திரும்பி வரும். ஹிஸ்டரியை மட்டும் அழிப்பதாலும் அனுமதி போகாது.

பட்டியல் மிக நீளம், எது நல்லது எது கெட்டது என்றே தெரியவில்லை என்றால் குரோம் செட்டிங்ஸில் இருக்கும் 'ரீசெட்' நியாயமான வழி. தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகளை அழித்து, எக்ஸ்டென்ஷன்களை முடக்கிவிடும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் இருக்கும். ஆனால் நம் உள்நுழைவை நினைவில் வைத்திருக்கும் குக்கி என்ற சிறு கோப்புகள் அழிவதால் எல்லாத் தளங்களிலும் மறுபடி உள்நுழைய வேண்டும். ஜிமெயில் பாஸ்வேர்டு நினைவில் இல்லாத பெரியவருக்கு இதைச் செய்யும் முன் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபார்மட் தேவையே இல்லை. குடும்பப் புகைப்படங்களைக் காப்பி எடுக்காமல் ஃபார்மட் செய்து இழந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலைக்கு அது கொடுக்கக் கூடாத விலை.

## ஒரே பார்வையில்

| வழி | கொடுத்த அனுமதி போகுமா | புதியவை தடுக்கப்படுமா | வேண்டியவை தப்புமா | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| பட்டியலில் நீக்குவது | போகும் | இல்லை | தப்பும் | கவனம், ஒவ்வொரு புரொஃபைலும் தனி |
| கேட்கவே விடாதது | குரோமில் போகாது | முழுமையாக | ஏற்கெனவே உள்ளவை தப்பும் | புதிதாக வேண்டியதைக் கையால் சேர்க்க வேண்டும் |
| பிரவுசரின் காவல் | சில போகும் | ஓரளவு | பெரும்பாலும் | தொட்டுப் பழகியவரைக் காப்பது சந்தேகம் |
| பிரவுசரை ஊமையாக்குவது | விண்டோஸில் போகாது | கேள்வி வரும், சத்தம் வராது | தப்பாது | முக்கியமானதும் தவறும் |
| ஆட் பிளாக்கர், டிஎன்எஸ் | போகாது | பெருமளவு | தப்பும் | பக்கங்களைப் படிக்கும் உரிமை |
| ஆன்டிவைரஸ் | பெரும்பாலும் போகாது | ஓரளவு | தப்பும் | ஆண்டுச் சந்தா |
| ரீசெட் | போகும் | இல்லை | தப்பாது | எல்லா இடத்திலும் மறுபடி உள்நுழைவு |

## எனக்கென்றால் எது?

என் கணினியில் ஒன்றையும் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன், கூடவே ஒரு ஆட் பிளாக்கர். டீச்சருக்கும் முதல் இரண்டைத்தான் செய்தேன். ஜிமெயில் இருக்கட்டும் என்றார். நாளிதழை எடுத்துவிடச் சொன்னார், "அதைத்தான் காலையில தாள்ல படிச்சிடுறேனே." ஆட் பிளாக்கர் போடலாமா என்று கேட்டேன். ஓய்வூதியம் தொடர்பான தளம் ஒன்றை அவர் அடிக்கடி திறக்கிறார், அது மக்கர் செய்தால் உடனே வந்து பார்க்க ஆள் இல்லை. அதனால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக, பாட்டுத் தேடுவதற்கென்றே இன்காக்னிட்டோ ஜன்னலை எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டிக்கொண்டார். ஆசிரியை கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது.

கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் பலர் தொடும் பொதுக் கணினி வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு. இரண்டாவது வழியோடு நான்காவதையும் சேர்த்துச் செய்யுங்கள். அங்கே யாருடைய மின்னஞ்சல் அறிவிப்பும் திரையில் எழ வேண்டியதில்லை. அடுத்தவர் விவரம் தெரியாமல் இருப்பதும் கூடுதல் நன்மை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நான்காவது வழியின் பக்கமே போக வேண்டாம். ஒரு சந்திப்பு நினைவூட்டல் தவறினால் வரும் சங்கடம் பெரிது.

## பெட்டியை ஏற்கெனவே தொட்டிருந்தால்

தொட்டதோடு நின்றிருந்தால், திறந்த பக்கத்தை மூடிவிட்டு முதல் வழியைச் செய்தால் போதும். அங்கே பாஸ்வேர்டு ஏதாவது அடித்திருந்தால், வேறொரு ஃபோனிலிருந்தோ கணினியிலிருந்தோ அதை உடனே மாற்றுங்கள். கார்டு எண்ணோ ஓடிபியோ கொடுத்திருந்தால் முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதை நிறுத்த வாய்ப்பு அதிகம். அழைக்கும் முன் அந்த அறிவிப்பில் இருந்த தள முகவரியை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலிலிருந்து நீக்கிவிட்ட பிறகு அந்தப் பெயரை நினைவிலிருந்து எழுதுவது யாராலும் முடியாது.

டீச்சர் எதையும் கொடுத்திருக்கவில்லை. பெட்டியில் இருந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்திருக்கிறார், எதிர்முனையில் இந்தியில் பேசியதால் வைத்துவிட்டார். அந்த எண்ணை அவர் ஃபோனில் பிளாக் செய்துவிட்டு வந்தேன்.